வலது பக்கத்தில் ஒரு பெட்டி குறைந்தது

“அந்தப் பெட்டி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன் அத்தை. வலது பக்கம் மூளியா இருக்குன்னு நீங்கதான் வைக்கச் சொன்னீங்க. இப்ப வந்து என்னைக் கேட்டா நான் என்ன பண்றது?”

இதுதான் என் மருமகள் சொன்னது. இன்று காலையில், அடுப்படி வாசலில் நின்று, கையில் காபி டம்ளரோடு. ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாமியாரிடம் பேசுகிற பேச்சா இது, நீங்களே சொல்லுங்கள். செருப்பை மாட்டினேன், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன், கண்ணில் பட்ட முதல் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்களும் திண்டுக்கல்தானே? நல்லது. ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் காற்று பட்டால் காது குடையும்.

பெட்டி என்றால் துணி வைக்கிற பெட்டி இல்லை. கம்ப்யூட்டரில் ஃபார்ம் நிரப்புகிறோம் இல்லையா, ‘பெயர்’ என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் நாம் தட்டுவோம். அந்தக் கட்டத்தைத்தான் பெட்டி என்கிறாள். என் மருமகள் ஷோபிகாவுக்கு அதுதான் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்தபடியே யார் யாருக்கோ வெப் பேஜ் செய்து கொடுக்கிறாள். நல்ல பெண்தான். வாய்தான் கொஞ்சம். எனக்கு வாய் நீளம் இல்லை, அதனால் பிறத்தியார் வாய் எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஏன் சிரிக்கிறீர்கள்?

நான் படித்தது திண்டுக்கல்லில், கான்வென்ட்டில். பேர் வேண்டாம், இப்போது இருக்கிற சிஸ்டர்கள் பாவம். எங்கள் பத்தாம் வகுப்பு செட் எல்லாரும் ஒன்று கூடலாம் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பியது. யார் வருகிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள், சைவமா அசைவமா, எல்லாம் சேகரிக்க ஒரு ஃபார்ம் வேண்டும் என்றார்கள். “சுகந்தி வீட்லயே ஆள் இருக்கு, சுகந்தி பார்த்துக்குவா” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சரி என்றேன். சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து யாரும் என்னை எதற்கும் பொறுப்பு என்று சொன்னதில்லை. சாம்பாருக்கு மட்டும்தான் பொறுப்பு.

முதலில் ஷோபிகா ஒன்று போட்டுக் காட்டினாள். மேலே ‘பெயர்’ என்று எழுத்து, அதற்குக் கீழே கட்டம். அதற்குக் கீழே ‘ஊர்’, அதற்குக் கீழே கட்டம். இப்படியே இறங்கிக்கொண்டே போகிறது.

“என்னம்மா இது, ரேஷன் கடை வரிசை மாதிரி?”

“இதுதான் அத்தை படிக்க லேசு. எழுத்து தலைமேல, கட்டம் அடியில. கண்ணு நேரா கீழ இறங்கும், அங்க இங்க அலையாது.”

“கண்ணு அலைஞ்சா அலையட்டும். பார்க்க லட்சணமா வேண்டாமா? எழுத்து ஒரு பக்கம், கட்டம் ஒரு பக்கம், எதிரும் புதிருமா வை.”

வைத்தாள். எழுத்தையெல்லாம் இடது ஓரத்தில் நிறுத்தினாள். ‘பெயர்’ குட்டி வார்த்தை, அது அந்தக் கோடியில் நிற்கிறது. அதன் கட்டம் இந்தக் கோடியில். நடுவில் ஒரு லாரி போகலாம். சண்டை போட்ட சம்பந்திகளைப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டம் என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் எழுத்துகளை வலது பக்கம் தள்ளி, கட்டத்தோடு ஒட்டி நிறுத்தினாள். அது பக்கத்தில் வந்துவிட்டது, சரி. ஆனால் இடது ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

“மார்ஜின் எங்கம்மா?” என்றேன்.

“மார்ஜினா?”

அவளுக்கு என்ன தெரியும்? எங்களுக்கு சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர் இருந்தார். நோட்டைத் திறந்தால் முதலில் மார்ஜினைத்தான் பார்ப்பார். சிவப்பு பென்சிலில் கோடு நேராக இல்லை என்றால் பாடத்தைப் படிக்கவே மாட்டார், அப்படியே மூடிக் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் வகுப்பிலேயே என் நோட்டு மார்ஜின்தான் நேர். சிஸ்டர் தூக்கிக் காட்டுவார். எனக்கு ஸ்கேல் பிடித்தால் நழுவும், அது வேறு விஷயம். ஜெசிந்தா போட்டுக் கொடுப்பாள். என் பக்கத்து இடம் அவள். ஜெசிந்தா மேரி. அவளைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன்.

வாடிப்பட்டி தாண்டிவிட்டோமா? டிரைவர் என்ன இவ்வளவு மெதுவாகப் போகிறார். மெதுவாகவே போகட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கே விட்டேன்? மார்ஜின். நானே உட்கார்ந்து வழி கண்டுபிடித்தேன். எழுத்துகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் இரண்டு ஓரமும் நேராக வரும் இல்லையா? நீளமானதை வெட்டினேன், குட்டையானதை இழுத்தேன். ‘பெயர்’ என்பது ‘முழுப் பெயர்’ ஆயிற்று. அப்புறம் ரேஷன் வரிசையை உடைத்து இரண்டு பத்தியாகப் போடச் சொன்னேன். இடது பக்கம் ஒரு பத்தி, வலது பக்கம் ஒரு பத்தி. என்ன அழகாக வந்தது தெரியுமா? ஷோபிகாவே வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

ஒரே குறை. இடது பக்கம் ஆறு கட்டம். வலது பக்கம் ஐந்துதான் இருந்தது. அடியில், வலது மூலையில், பல் விழுந்த இடம் மாதிரி வெறுமையாக.

“இடது பக்கம் ஒண்ணை எடுத்துடலாம் அத்தை. ‘பள்ளிப் பட்டப்பெயர்’ தேவையா?”

அது என் யோசனை. அதை எடுப்பதா? “அதெல்லாம் முடியாது. வலது பக்கம் ஒண்ணு சேர். மூளியா இருக்கு பாரு.”

“என்ன சேர்க்கிறது?”

“‘கணவர் பெயர்’ போடு. நீளமும் சரியா இருக்கும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எதுக்கு அத்தை கணவர் பேரு? உங்க செட் பொம்பளைங்க சந்திக்கிறதுக்கு?”

“கேட்டா என்ன? யார் வீட்டுக்கு யார்னு தெரிய வேண்டாமா?”

“கணவர் இல்லாதவங்க இருந்தா?”

“இல்லாதவங்களுக்கும் பேர் இருந்திருக்கும் இல்ல?” என்றேன். நான் விதவைகளை நினைத்துச் சொன்னேன். சரியாகத்தானே சொன்னேன்?

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே சேர்த்தாள். சேர்த்துவிட்டு, மற்ற எழுத்துகள் பக்கத்தில் எல்லாம் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறதே, அதை இதற்கு மட்டும் வைக்காமல் விட்டாள். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பதினோரு நட்சத்திரமும் இரண்டு பத்தியிலும் அழகாக இறங்கி வருகிறது, கடைசியில் ஒன்று மட்டும் பொட்டில்லாத நெற்றி மாதிரி. “அதையும் வை” என்றேன்.

“நட்சத்திரம் அழகுக்கு இல்ல அத்தை. அது இருந்தா அந்தக் கட்டத்தை நிரப்பாம ஃபார்ம் போகாது. கட்டாயம்னு அர்த்தம்.”

“நிரப்பட்டுமே. ஒரு பேரைத் தட்டுறதுக்குக் கை தேய்ஞ்சிடுமா?”

இதுதான் நடந்தது. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். செய்தது யார்? அவள்தானே. எனக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியாது.

ஜெசிந்தா எனக்கு போன் செய்தாள். அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வேறு. ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

“சுகந்தி, உன் ஃபார்ம் என்னை வெளியவே விடமாட்டேங்குதுடி. எல்லாம் போட்டாச்சு. அந்தக் கடைசிக் கட்டம் சிவப்பா ஆகி ஆகி நிக்குது.”

“எந்தக் கட்டம்?”

“அதான்... கணவர் பேரு.”

ஜெசிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தது, தம்பியைப் படிக்க வைத்தது, ஒவ்வொரு வரனும் எப்படி எப்படித் தட்டிப் போனது, எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போதும் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பெட்டியை வைக்கும்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் வைத்திருப்பேனா? ஷோபிகா “இல்லாதவங்க இருந்தா”ன்னு கேட்டபோது ஒரு நிமிஷம் வந்தது. வந்து போய்விட்டது. எனக்கு அந்த மூலைதான் கண்ணில் நின்றது.

“ஒரு கோடு போட்டு அனுப்பு” என்றேன்.

“போட்டேன்டி. எழுத்துதான் வேணுமாம்.”

“அப்ப ஏதாவது ஒரு பேரைப் போடேன்.”

“யார் பேரைடி போடுவேன்?”

கடுகு கருகுகிறது. கூடத்தில் என் நாத்தனார் இருமுகிறாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது, அதை நானே ஒத்துக்கொள்வேன். “உன் தம்பி பேரைப் போட்டு அனுப்புடி, யார் பார்க்கப் போறா? ஃபார்ம் உள்ள போனாச் சரி” என்றேன். அப்புறம், “சரி, நீ சொல்றே, போடுறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

நீ சொல்றே, போடுறேன். அப்படித்தான் அவள் எப்போதும்.

கொடைரோடு டோல் வருகிறது போல. தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? கொடுங்கள், அண்ணாந்துதான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன்.

ஃபங்ஷன் நாள் வந்தது. ஒரு ஹோட்டல் ஹால். எல்லாரும் பட்டும் மல்லிகையும்தான். ஷோபிகா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஃபார்மில் தட்டியதெல்லாம் தானாகப் போய்ப் பெரிய திரையில் ஆளுக்கு ஒரு பக்கமாக விழும். இடது பக்கம் பள்ளிக்கூட போட்டோ, வலது பக்கம் விவரம். முந்தின நாளே எனக்கு எல்லாப் பக்கத்தையும் ஓட்டிக் காட்டினாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுத்து ஒரு கோட்டில் இருக்கிறதா, பேர்கள் ஒரு கோட்டில் இருக்கிறதா, எதுவும் கோணலாக இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. “சபாஷ்” என்றேன்.

கோட்டைப் பார்த்தேன். பேரைப் படிக்கவில்லை. சிஸ்டர் பெனடிக்டாவும் அப்படித்தானே. இல்லை, அவரை எதற்கு இழுக்கிறேன்? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் கவுசல்யா மைக் பிடித்திருந்தாள். அவளுக்கு மைக் கிடைத்தால் விட மாட்டாள். ஒவ்வொருத்தி முகம் வரும்போதும் ராகம் போட்டு வாசித்தாள். ‘கணவர் பெயர்’ வரும்போது எல்லாரும் “ஓ”ன்னு கத்துவார்கள். சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரே கும்மாளம். ஜெசிந்தா முகம் வந்தது. ரெட்டை ஜடை, கண்ணாடி. கவுசல்யா வாசித்தாள். “ஜெசிந்தா மேரி! கணவர் பெயர் ஆரோக்கியசாமி!” எல்லாரும் “ஓ”ன்னு கத்திவிட்டார்கள்.

ஆரோக்கியசாமி யார் என்று உங்களுக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். எங்கள் செட்டில் பாதிப் பேர் வீட்டுக்கு அவன் கடை பெயிண்ட்தான். அரை டிராயரோடு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட கேட் வரைக்கும் வருவான், எல்லாருக்கும் அவனைத் தெரியும். பின்னால் இருந்து ஒருத்தி, “அடியே, தம்பியவே கட்டிக்கிட்டாளா?” என்றாள்.

சிரித்தார்கள். யார் யார் என்று நான் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்தும் சிரிப்பு வந்தது.

அவள் சாப்பிடவில்லை. கைப்பையை எடுத்தாள், நாற்காலியைச் சத்தம் இல்லாமல் பின்னால் தள்ளினாள், போய்விட்டாள். பிரியாணி இலையில் விழும்போது பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அவள் போனதே தெரியும். இல்லை, போவதைப் பார்த்தேன். பாத்ரூமுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் சரி. எவளோ ஒருத்தி அந்தத் திரையை போனில் படம் பிடித்திருக்கிறாள். படம் நாலு குரூப்புக்குப் போய், கடைசியில் ஆரோக்கியசாமி பெண்டாட்டி போனுக்கே போய்விட்டது. அவள் லேசுப்பட்டவள் இல்லை. சட்டி பானையோடு பேசுகிற மாதிரி சாடை பேசுவாளாம். “இந்த வீட்ல எனக்கு என்ன இடம்னு இப்பத்தான் தெரியுது.” “சோத்தைப் போடட்டுமா, இல்ல மூத்தவங்க போடுவாங்களா?” தம்பி வாயைத் திறக்கவில்லையாம். அக்கா படிக்க வைத்த தம்பி. ஜெசிந்தா இப்போது லேடீஸ் ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறாள். இந்த வயசில், ஸ்டவ்வும் கட்டிலுமாக, ஹாஸ்டலில்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜெசிந்தா சொல்லவில்லை. என் போனை அவள் எடுப்பதே இல்லை. ஷோபிகா சொன்னாள். ஷோபிகாவோடு பேசுகிறாள்! ஃபங்ஷன் முடிந்த மறுநாளே இவள் போன் செய்து, “மன்னிச்சிடுங்க ஆன்ட்டி, நான் அந்தக் கட்டத்தைக் கட்டாயமா வச்சிருக்கக்கூடாது” என்று அழுதிருக்கிறாள். அதற்கு ஜெசிந்தா என்ன சொன்னாள் தெரியுமா? “நீ என்னம்மா பண்ணுவ”ன்னாளாம். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், கேட்கவே இல்லையாம்.

அந்த எரிச்சலில்தான் இன்று காலையில் ஷோபிகாவிடம் கத்தினேன். “நட்சத்திரத்தை வச்சது நீ. நிரப்பினாத்தான் போகும்னு பண்ணினது நீ. பழி எனக்கா?” என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள், முதலில் சொன்னேனே, அதை. அதோடு விட்டாளா? டம்ளரை வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“அத்தை, ஒண்ணு தெரியுமா? அந்த ஃபார்மை எல்லாரும் போன்லதான் நிரப்பினாங்க. போன்ல ரெண்டு பத்தி கிடையாது. வலது பக்கமே கிடையாது. எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் வரும், நான் முதல்ல போட்ட மாதிரி. நீங்க நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல பார்த்தீங்களே, ரெண்டு பக்கமும் சமமா, அதை உங்களைத் தவிர யாருமே பார்க்கல.”

யாருமே பார்க்கவில்லையாம். நான் ராத்திரி பகலாக எழுத்தை வெட்டி, இழுத்து, நட்சத்திரத்தை நிறுத்தி... ஒருத்தரும். அந்த மூலை யாருக்கும் காலியாகவே இருந்திருக்காதாம்.

நான் செருப்பை மாட்டினது அதற்குத்தான். மருமகள் எதிர்த்துப் பேசினதற்காக யாராவது பஸ் ஏறுவார்களா?

ஷோபிகா இப்போது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? எடுத்த பிறகு அந்த ஃபார்மை ஒரு தடவை திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆறும் ஐந்தும்தான் இருந்தது. வலது மூலை காலி. பார்க்க ஒன்றும் மோசமாக இல்லை. உண்மையாகச் சொல்கிறேன், கண்ணுக்கு உறுத்தவே இல்லை.

சின்னாளப்பட்டி போயாச்சா? அப்படியானால் வந்துவிட்டது.

உங்களிடம் சொன்னால் என்ன. முன் வரிசையில் இருந்து சிரிப்பு வந்தது என்றேன் இல்லையா. முன் வரிசையில் நான், கவுசல்யாவின் மாமியார், அப்புறம் ஜெசிந்தா. அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. சிரிப்பு தானாக வந்துவிட்டதுங்க. மனசில் ஒன்றும் இல்லை. எல்லாரும் சிரிக்கும்போது வாய் தன்னால் விரிந்துவிடாதா? உங்களுக்கு அப்படி வந்ததே இல்லையா? அவள் அப்போது திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் வாயை மூடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

இந்தப் பையில் ஆரப்பாளையத்தில் வாங்கின மைசூர்பாகு இருக்கிறது. அவளுக்குப் பிடிக்கும். பெரியகுளம் பஸ் நிற்கிற பக்கமாக வெளியே வந்து இரண்டாவது தெரு, அவள் தம்பி வீடு, மாடியில் நீலக் கதவு. நீங்கள் நாகல் நகர்தானே போக வேண்டும் என்றீர்கள்? அதே வழிதான், சுற்று இல்லை. எனக்கு ஒரு உதவி செய்வீர்களா? என்னோடு அந்த மாடிப்படி வரைக்கும் வாருங்கள். பெல்லை மட்டும் நீங்கள் அடியுங்கள். மேலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்த்தால் கதவு திறக்காது, உங்கள் முகம் என்றால் திறப்பாள், யாருக்கும் அவள் கதவு திறக்காமல் இருந்ததில்லை. “யாரு”ன்னு கேட்டால் என் பேரைச் சொல்ல வேண்டாம். ஏதாவது ஒரு பேரை...

இல்லை, பேர் எதுவும் சொல்ல வேண்டாம். சும்மா பெல்லை அடியுங்கள், போதும். நான் படிக்குக் கீழே நின்றுகொள்கிறேன்.

வருகிறீர்களா?

என்னங்க, உங்களைத்தான். இறங்குவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? அந்தப் பெல்லை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏங்க...